மவுஸ் யார் கையில இருக்கு? டீச்சர்களுக்கான கோடிங் பயிற்சியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி

வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற தம்பியோ தங்கச்சியோ இருந்தால், அவங்க அறிவியல் புத்தகத்தை வாங்கி கடைசிப் பாடத்தைத் திருப்பிப் பாருங்க. ஒளியியல், மின்னோட்டவியல், மரபியல் எல்லாம் முடிஞ்ச பிறகு 23-வது அலகாக 'காட்சித் தொடர்பு' என்று ஒரு பாடம் இருக்கும். அதில் ஸ்கிராட்ச் வரும். கட்டம் கட்டமான கட்டளைகளை இழுத்து ஒட்டி, திரையில் ஒரு பூனையை நடக்க வைக்கும் புரோகிராமிங் மொழி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு குழந்தைகளுக்காக உருவாக்கி, 2007-ல் வெளியிட்டது.

இந்தப் பாடத்தை நடத்துறது யாரு? கம்ப்யூட்டர் டீச்சர் இல்லை. அறிவியல் புத்தகத்தில் இருப்பதால் அறிவியல் டீச்சர்தான். அவங்க படிச்சது பி.எஸ்சி. இயற்பியலாக இருக்கலாம், விலங்கியலாக இருக்கலாம். 2007-க்கு முன்னாடி கல்லூரி முடிச்சவங்கன்னா, அவங்க படிக்கும்போது ஸ்கிராட்ச் என்ற ஒன்று வெளியாகவே இல்லை.

இப்படி ஒரு நிலையில் எந்த டீச்சரும் செய்யக்கூடியது என்ன? 'ஸ்கிராட்ச் என்றால் என்ன?', 'ஸ்பிரைட் என்றால் என்ன?' என்று கேள்வி பதிலாக எழுதிப் போடுவாங்க. பசங்க மனப்பாடம் பண்ணுவாங்க. பூனை மட்டும் நடக்கவே நடக்காது!

இதுக்கு டீச்சரைக் குறை சொல்ல முடியாது. அவங்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

கொடைரோட்டில் இது ஏன் முக்கியம்?

கொடைரோடு என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ரயில்வே ஸ்டேஷன்தான். கொடைக்கானல் போறவங்க ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடிக்கிற இடம். ஆனால் மலைக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறவங்களும் நிறைய பேர். ஒரு பக்கம் சிறுமலை, கொஞ்ச தூரத்தில் நிலக்கோட்டை பூ மார்க்கெட், திண்டுக்கல் போற வழியில் சுங்குடிச் சேலைக்குப் பேர் போன சின்னாளபட்டி. பூ பறிக்கிற, தறி ஓட்டுகிற, தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகள் இங்குள்ள அரசுப் பள்ளிகளில் படிக்கிறாங்க.

பெருநகரத்தில் இருக்கிற குழந்தைக்கு கோடிங் கிளாஸ் தெருவுக்கு ஒன்று கிடைக்கும். வீட்டில் லேப்டாப் இருக்கும். சந்தேகம்னா சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற சித்தப்பா இருப்பார். இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த மூணும் இல்லை. அவங்க வாழ்க்கையில் கோடிங் சொல்லித் தரக்கூடிய ஒரே ஆள் ஸ்கூல் டீச்சர்தான். அந்த டீச்சருக்கே கீபோர்டைத் தொடப் பயம் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வேற வழி கிடையாது.

கம்ப்யூட்டர் வந்துடுச்சு, அப்புறம்?

தமிழ்நாட்டில் 6,000-க்கும் அதிகமான அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைக்கப்பட்டிருக்கு. 11-ம் வகுப்பு கணினி அறிவியலில் சி++, 12-ம் வகுப்பில் பைத்தான் பாடமாக இருக்கு. இப்போது 'டி.என். ஸ்பார்க்' என்ற பெயரில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை ஏ.ஐ., ரோபோட்டிக்ஸ், ஆன்லைன் கருவிகள் பற்றிய பாடத்தையும் பள்ளிக் கல்வித்துறை கொண்டு வந்திருக்கு.

ஆக மெஷின் இருக்கு, புத்தகமும் இருக்கு. நடுவில் இருக்கிற மனுஷர்தான் டீச்சர்.

இதே நிலையில் இங்கிலாந்தும் ஒருமுறை மாட்டிக்கிச்சு. 2014 செப்டம்பரில், வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் பக்கமே அதிகம் சாய்ந்திருந்த பழைய பாடத்தை மாற்றி, 5 வயதிலிருந்தே புரோகிராமிங் என்ற புதிய பாடத்திட்டத்தைக் கொண்டு வந்தாங்க. பாடத்திட்டம் ஒரே நாளில் மாறிடுச்சு. டீச்சர்கள் அப்படி மாற முடியுமா? கடைசியில் ஆசிரியர் பயிற்சிக்காகவே 8.4 கோடி பவுண்டு வரை ஒதுக்கி, தேசிய கணினிக் கல்வி மையத்தை 2018-ல் அமைத்தாங்க. பாடம் மாறி நாலு வருஷம் கழிச்சு!

புத்தகத்தை அச்சடிக்கிறதை விட ஆசிரியரைத் தயார் பண்ண அதிக நேரம் ஆகும். அதனால் அந்த வேலையை முதலில் தொடங்கணும்.

டெமோ வேற, பயிற்சி வேற

பயிற்சி என்ற பேரில் எங்கேயும் சாதாரணமாக நடப்பது இதுதான். ஒரு பெரிய ஹால். முன்னாடி புரொஜெக்டர். கருத்தாளர் மவுஸைப் பிடித்து 'இங்க கிளிக் பண்ணுங்க, இப்படி இழுங்க, பாருங்க வந்துடுச்சு' என்று காட்டுவார். பார்க்கும்போது எல்லாமே சுலபமாகத் தெரியும். வருகைப் பதிவில் கையெழுத்து, டீ, சான்றிதழ். திங்கள்கிழமை ஸ்கூலுக்குப் போய் லேபைத் திறந்தால், முதல் கிளிக் எங்கே என்றே ஞாபகம் வராது.

நம்ம பக்கத்தில் நீச்சல் கத்துக்கிட்டவங்க யாரும் கிணத்து மேட்டில் நின்று பார்த்துக் கத்துக்கலை. தண்ணிக்குள்ளே இறங்கி, நாலு வாய் தண்ணி குடிச்சுத்தான் கத்துக்கிட்டாங்க. புரோகிராமிங்கும் அப்படித்தான். அதனால் எந்தப் பயிற்சியைப் பார்த்தாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மவுஸ் யார் கையில இருக்கு?

ஏழாம் வாய்ப்பாடு ஏன் 63-ல் நின்னுடுச்சு?

கையால் செய்து கற்பது என்றால் 'ஆளுக்கொரு கம்ப்யூட்டர் கொடுத்துட்டோம், என்னமோ பண்ணுங்க' என்று விடுவது இல்லை. அதுக்கு முறை இருக்கு. பிரிட்டனைச் சேர்ந்த கணினிக் கல்வி ஆய்வாளர் சூ சென்டன்ஸ் முன்வைத்த முறைக்குப் பெயர் 'பிரிம்'. அதில் ஐந்து படிகள்: ஊகி, ஓட்டு, ஆராய், மாற்று, உருவாக்கு.

ஒரு உதாரணம் பார்க்கலாம். கொடைரோடு பக்கத்தில் ஒரு பயிற்சி நடக்கிறது என்று வெச்சுக்குங்க. ஒரு கணக்கு டீச்சர் முன்னாடி இரண்டே வரி பைத்தான் புரோகிராம் இருக்கு. முதல் வரி: ஃபார் ஐ இன் ரேஞ்ச்(1, 10). இரண்டாவது வரி: பிரின்ட்(7 * ஐ).

ஊகி: ஓட்டுறதுக்கு முன்னாடி, என்ன வரும் என்று பேப்பரில் எழுதணும். ஏழாம் வாய்ப்பாடு என்பது பார்த்ததுமே புரிஞ்சுடும். நிறைய பேர் 7-ல் ஆரம்பிச்சு 70 வரை எழுதுவாங்க.

ஓட்டு: புரோகிராமை இயக்கினால் 7, 14, 21 என்று போய் 63-ல் நின்னுடும். 70 வராது.

ஆராய்: ஏன் வரலை? பைத்தானில் ரேஞ்ச்(1, 10) என்றால் 1 முதல் 9 வரைதான். கடைசியாகக் கொடுத்த எண்ணைத் தொடாமல் அதற்கு முன்னாடியே நின்னுடும்.

மாற்று: 10-ஐ 11 ஆக்கினால் 70 வரும். 7-ஐ 13 ஆக்கினால் பதிமூணாம் வாய்ப்பாடு.

உருவாக்கு: இப்போது அந்த டீச்சர் சொந்தமாக ஒன்று எழுதணும். தன் வகுப்பு மதிப்பெண்களின் சராசரியோ, தனிவட்டிக் கணக்கோ, எதுவாக இருந்தாலும் சரி.

இங்கே கவனிக்க வேண்டியது அந்த 63-தான். 'ஏன் 70 வரலை?' என்று தானே முழிச்ச டீச்சருக்கு, நாளைக்கு வகுப்பில் எந்தப் பிள்ளை எங்கே முழிக்கும் என்று முன்கூட்டியே தெரியும். ஸ்லைடில் 'ரேஞ்ச் கடைசி எண்ணைச் சேர்க்காது' என்று படிச்ச டீச்சருக்கு அது ஒரு குறிப்பு மட்டும்தான்.

எரர் மெசேஜும் இதே கதைதான். முதல் வரியின் கடைசியில் முக்காற்புள்ளி மாதிரி இரட்டைப் புள்ளி போட மறந்தால் பைத்தான் சிவப்பு எழுத்தில் கத்தும். இரண்டாவது வரியை உள்ளே தள்ளி எழுதலைன்னாலும் கத்தும். முதல் தடவை பார்க்கிறவங்களுக்கு 'ஐயோ, மெஷினைக் கெடுத்துட்டோமோ' என்று தோணும். பத்து தடவை பார்த்தவங்களுக்கு, அந்த மெசேஜின் கடைசி வரியை முதலில் படிச்சா விஷயம் புரிஞ்சுடும் என்று தெரிஞ்சிடும். லேப் பூட்டியே கிடப்பதற்கும் திறந்து இருப்பதற்கும் பல இடங்களில் வித்தியாசம் இந்தப் பயம்தான்.

நல்ல பயிற்சியை எப்படிக் கண்டுபிடிப்பது?

விஞ்ஞானிகளுக்கு புரோகிராமிங் சொல்லித் தர 1998-ல் தொடங்கிய 'சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி' என்ற அமைப்பு இருக்கு. பேரிலேயே தச்சு வேலை! பெரியவங்களுக்கு எப்படிச் சொல்லித் தரணும் என்பதில் அவங்க சில எளிமையான பழக்கங்களை வெச்சிருக்காங்க. நம்ம ஊர் டீச்சர் பயிற்சிக்கும் அப்படியே பொருந்தும்.

1. சொல்லித் தருபவரும் அங்கேயே டைப் பண்ணணும். முன்கூட்டியே எழுதி வெச்ச கோடை ஸ்லைடில் காட்டக் கூடாது. நேரில் டைப் அடிக்கும்போது அவருக்கும் தப்பு வரும். அதை எப்படித் திருத்துறார் என்று பார்ப்பதே பாதிப் பாடம்.

2. அடுத்தவர் மவுஸைத் தொடக் கூடாது. உதவிக்கு வர்றவர் 'தள்ளுங்க டீச்சர், நான் பண்றேன்' என்று கீபோர்டை வாங்கிட்டா, வேலை முடிஞ்சிடும். கத்துக்கிறதும் அதோடு முடிஞ்சிடும். வாயால் மட்டும்தான் வழி சொல்லணும்.

3. இரண்டு நிறத்தில் ஸ்டிக்கி நோட். முடிச்சவங்க கம்ப்யூட்டர் மேல் பச்சை ஒட்டணும். மாட்டிக்கிட்டவங்க சிவப்பு. ஐம்பது வயசு ஆசிரியர், இருபத்தஞ்சு வயசு கருத்தாளர் முன்னாடி எழுந்து நின்று 'எனக்குப் புரியலை' என்று சொல்லக் கூச்சப்படலாம். சிவப்புத் தாள் ஒட்ட யாருக்கும் கூச்சம் வராது.

இதோட இன்னொரு உத்தியும் உண்டு. கம்ப்யூட்டர் குறைவாக இருந்தால் இரண்டு பேருக்கு ஒன்று. ஆனால் ஒருத்தர் டைப் அடிக்க, இன்னொருத்தர் வழி சொல்லணும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடம் மாறணும். சாஃப்ட்வேர் கம்பெனிகளிலும் இப்படி ஜோடியாக வேலை பார்க்கிற வழக்கம் இருக்கு. இடம் மாறலைன்னா, தெரிஞ்சவரே கடைசி வரை அடிப்பார், தெரியாதவர் கடைசி வரை பார்ப்பார்.

பக்கத்து மாநிலம் என்ன பண்ணிச்சு?

கொடைரோட்டிலிருந்து வத்தலகுண்டு, தேனி, கம்பம் வழியாகக் குமுளியைத் தாண்டினால் கேரளா. அங்கே 2001-லேயே 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைத் தொடங்கிட்டாங்க. லைசென்ஸ் காசு இல்லாத கட்டற்ற மென்பொருள்களைப் பள்ளிகளுக்குள் கொண்டு போனாங்க. அந்தத் திட்டம்தான் 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. அடுத்த வருஷமே 'லிட்டில் கைட்ஸ்' என்ற மாணவர் கிளப்களும் வந்தது.

2024 மே மாதம், 80,000 ஆசிரியர்களுக்கு ஏ.ஐ. பயிற்சி கொடுக்கும் வேலையைக் கைட் ஆரம்பித்தது. மூணு நாள் பயிற்சி. ஒரு குழுவுக்கு 25 பேர். இந்த 25 என்ற எண்ணைக் கவனிங்க. 250 பேரை ஒரே ஹாலில் உட்கார வெச்சா சீக்கிரம் முடிஞ்சிருக்கும். 25 பேர் என்றால்தான் சொல்லித் தர்றவர் ஒவ்வொரு திரையையும் எட்டிப் பார்க்க முடியும்.

மூணு நாள் முடிஞ்ச பிறகு?

பயிற்சி தோற்கும் இடம் பெரும்பாலும் பயிற்சி அரங்கம் இல்லை. அதுக்கு அடுத்த மாசம்தான். லேபில் ஒரு சந்தேகம் வருது, கேட்க ஆள் இல்லை. அப்படியே விட்டுடுவாங்க.

இதுக்கு அழகான ஒரு விடை அமெரிக்காவில் 2009-ல் தொடங்கிய 'டீல்ஸ்' திட்டம். சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் தன்னார்வலர்களாக ஸ்கூலுக்கு வருவாங்க. ஆனால் டீச்சரை வெளியே அனுப்பிட்டுப் பாடம் எடுக்க மாட்டாங்க. டீச்சரும் கூடவே இருப்பார். முதலில் இன்ஜினீயர் அதிகம் பேசுவார், போகப் போக டீச்சர் அதிகம் பேசுவார், கடைசியில் இன்ஜினீயர் கிளம்பிடுவார். கிளம்புறதுதான் இலக்கு! மைக்ரோசாஃப்ட் ஆதரவில் நடக்கும் இந்தத் திட்டம் தமிழ்நாட்டில் சில அரசுப் பள்ளிகளுக்கும் வந்திருக்கு.

ஆள் கிடைக்காத இடத்தில், ஐ.ஐ.டி. பாம்பேயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' கைகொடுக்கும். சுமார் பத்து நிமிஷ வீடியோக்கள், தமிழிலும் இருக்கு, இலவசம். பாதித் திரையில் வீடியோ, மீதித் திரையில் நீங்க செய்து பார்க்கணும். வெறுமனே பார்த்துட்டுப் போற வீடியோ இல்லை, நிறுத்தி நிறுத்திச் செய்வதற்காகவே தயாரிச்சது.

நம்ம ஊரிலேயே ஏற்பாடு இருக்கு. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம்தான் அது. அதில் ஒரு மணி நேரம், 'போன தடவைக்குப் பிறகு வகுப்பில் என்ன ஓட்டினீங்க, எங்க மாட்டிக்கிச்சு?' என்று பேசினாலே போதும். புதுசாக எதுவும் சொல்லித் தரணும்னுகூட இல்லை.

கையால் கற்பது இந்த மண்ணுக்குப் புதுசு இல்லை

கொடைரோட்டிலிருந்து திண்டுக்கல் போற வழியில் காந்திகிராமம் இருக்கு. டி.எஸ்.சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கியது. இன்று அங்கே இருக்கும் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம், 1956-ல் கிராமிய நிறுவனமாக ஆரம்பிச்சது. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படையே, ஒரு கைத்தொழில் வழியாக மற்ற பாடங்களையும் கற்கணும் என்பதுதான். அன்று ராட்டை. இன்று கீபோர்டும் அந்த வரிசையில் வரலாம்.

சின்னாளபட்டி சுங்குடியையே எடுத்துக்குங்க. துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற கலை. ஸ்கிராட்ச்சில் 'ஒரு புள்ளி வை, 20 அடி நகர்' என்பதைப் பத்து தடவை திரும்பச் செய்யச் சொன்னால் ஒரு வரிசை. அந்த வரிசையையே எட்டு தடவை திரும்பச் செய்தால் ஒரு முந்தானை. லூப்புக்குள் லூப் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் வேணுமா? நிலக்கோட்டை மார்க்கெட்டில் ஒரு வாரம் மல்லிகை விலையைப் பசங்களையே எழுதிட்டு வரச் சொல்லி, அதிகபட்சம், குறைந்தபட்சம், சராசரி கண்டுபிடிக்கும் பைத்தான் புரோகிராம் எழுதலாம். இந்த உதாரணங்கள் எந்த வெளியூர் கருத்தாளருக்கும் தோணாது. கோடிங்கைத் தானே கையால் செய்து பார்த்த உள்ளூர் டீச்சருக்குத்தான் தோணும்.

லேப் இல்லைன்னா?

கரன்ட் போனாலும் நடத்தலாம். நியூசிலாந்துப் பேராசிரியர் டிம் பெல்லும் அவரோட நண்பர்களும் உருவாக்கிய 'சி.எஸ். அன்பிளக்டு' என்ற முறையில் கம்ப்யூட்டரே தேவையில்லை.

ஐந்து அட்டைகள். அவற்றில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொன்று பிடிக்கணும். 27 வேணும்னா? 16, 8, 2, 1 இருக்கிறவங்க அட்டையைக் காட்டணும், 4 மட்டும் திருப்பிப் பிடிக்கணும். காட்டினால் 1, மறைச்சால் 0. ஆக, 27 என்பது 11011. கம்ப்யூட்டர் எண்களை இப்படித்தான் வெச்சிருக்கு. இந்தப் பயிற்சியையும் டீச்சர்களே முதலில் வரிசையில் நின்று விளையாடிப் பார்க்கணும்.

ஏ.ஐ. இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

நியாயமான கேள்வி. சாட்ஜிபிடி கிட்ட கேட்டால் ஏழாம் வாய்ப்பாடு புரோகிராமை ஒரு நொடியில் எழுதிக் கொடுத்துடும். ஆனால் அது எழுதிக் கொடுத்தது 63-ல் நின்னா, '70 எங்கே?' என்று கேட்க ஒரு ஆள் வேணும். அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை உருவாக்க, கேட்டுப் பழகிய டீச்சர் வேணும்.

நீங்க என்ன பண்ணலாம்?

பி.எட். படிக்கிறீங்களா? தோனி என்ற இலவச மென்பொருளை லேப்டாப்பில் போடுங்க. புதுசாகப் பைத்தான் கத்துக்கிறவங்களுக்காகவே எஸ்டோனியாவில் உருவானது. தினமும் ஐந்து வரி போதும். எந்தப் பாடம் எடுக்கப் போறவரா இருந்தாலும் சரி.

புதுசாக டீச்சர் வேலைக்குச் சேர்ந்திருக்கீங்களா? அடுத்த பயிற்சிக்குப் பேர் கொடுக்கும்போது மூணு கேள்வி கேளுங்க. எனக்கு கம்ப்யூட்டர் கிடைக்குமா? ஒரு குழுவில் எத்தனை பேர்? முடிஞ்ச பிறகு சந்தேகம் கேட்க யார் இருப்பாங்க?

ஐ.டி. வேலையில் இருந்துட்டு லீவுக்கு ஊருக்கு வர்றீங்களா? படிச்ச ஸ்கூலுக்கு உதவ நினைக்கிறவங்களுக்காக அரசின் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டம் 2022 டிசம்பரிலிருந்து இருக்கு. பழைய கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கிறது நல்ல விஷயம்தான். அதோட உங்க அறிவியல் டீச்சர்கிட்ட போய், 'ரெண்டு மணி நேரம் பக்கத்தில் உட்காரட்டுமா டீச்சர்?' என்றும் கேளுங்க. அந்த ரெண்டு மணி நேரமும் மவுஸ் அவங்க கையில இருக்கட்டும்.